நாலாவது கை: ஆட்கள் திரும்பி வரும் இணைய விளையாட்டைக் கட்டுவது எப்படி?

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. பின்னேரம் நாலரை மணிக்கு அதன் கீழே ஒரு சாக்கு விரிப்பார்கள். மூன்று பேர் வந்து குந்திவிட்டாலும் ஆட்டம் தொடங்காது, ஏனென்றால் 304 என்ற காட்ஸ் விளையாட்டை இரண்டு சோடியாக ஆட நாலு கை வேண்டும். உடனே ஒருவர் எழும்பி, பக்கத்து வேலியால் எட்டிப் பார்த்துக் கூப்பிடுவார்: "அண்ணை, ஒரு கை குறையுது, வாருங்கோவன்." அந்தக் குரலைக் கேட்டு வராமல் விட்டவர்கள் குறைவு. கிணற்றடியில் நின்றவர் கையைத் துடைத்துக்கொண்டே வருவார்.

நானும் இரண்டு நண்பர்களும் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு 304ஐ போனில் விளையாடுகிற இணைய விளையாட்டாகச் செய்தோம். முதல் பதிப்பில் தினப் பரிசு, தங்கக் காசு, மினுங்கும் பெட்டி, நிலைகள் என்று எல்லாமே இருந்தன. ஆட்கள் வந்தார்கள், ஒருமுறை பார்த்தார்கள், போய்விட்டார்கள். அந்த வேலிக்குரலுக்கு மட்டும் நாங்கள் எங்கேயும் இடம் வைக்கவில்லை. பிறகு பாதியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரும்பக் கட்டினோம். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது முறையில் படித்ததை வைத்து எழுதியது. உதாரணங்களை 304இலிருந்தே எடுக்கிறேன். நீங்கள் செய்வது புதிரோ வினாவிடையோ ஓட்டப்பந்தயமோ, படிகள் பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: "அவர் நாளைக்கு ஏன் வருவார்?"

கணினியைத் திறக்க முன்னம் ஒரு கொப்பியில் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதுங்கள். "நல்லாயிருக்கும், அதனால் வருவார்" என்பது பதில் இல்லை. நல்லாயிருந்த எத்தனையோ விளையாட்டுகளை நாம் ஒருநாள் விளையாடிவிட்டு மறந்திருக்கிறோம். "நேற்றுத் தன்னைத் தோற்கடித்த சோடியை இன்று வெல்ல வருவார்", "இன்றைய புதிரைத் தங்கச்சிக்கு முன்னம் முடிக்க வருவார்", "ரொறன்ரோவில் இருக்கும் அண்ணனோடு கதைக்க வருவார்": இப்படி ஒரு ஆளும் ஒரு காரணமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

காரணம் ஆளுக்கு ஆள் மாறும். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய மட் என்ற விளையாட்டுத்தான் பலர் சேர்ந்து விளையாடும் இணைய உலகங்களுக்கு முன்னோடி. அதைச் செய்த இருவரில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் ஆட்டக்காரரை நாலு வகையாகப் பிரித்து எழுதினார்: சாதிக்க வருபவர், துருவிப் பார்க்க வருபவர், ஆட்களோடு பழக வருபவர், மற்றவரை வீழ்த்த வருபவர். எங்கள் வேப்பமரத்தடியில் நாலு பேருமே இருந்தார்கள். ஒருவர் எத்தனை ஆட்டம் வென்றேன் என்று மாதக் கணக்கு வைத்திருப்பார். ஒருவர் யாரும் போடாத தாளை வேண்டுமென்றே இறக்கிப் பார்ப்பார். ஒருவருக்கு ஆட்டம் சாட்டு, கதைதான் முக்கியம். இன்னொருவருக்கு எதிரே இருப்பவரின் முகம் சுருங்க வேண்டும். உங்கள் விளையாட்டு இவர்களில் யாருக்கு என்று முதலில் முடிவெடுங்கள். நாலு பேருக்கும் முதல் நாளே பந்தி போட முனைந்தால் ஒருவருக்கும் வயிறு நிறையாது.

படி 2: கடதாசியில் விளையாடிப் பாருங்கள்

ஒரு வரி நிரல் எழுத முன்னம் நாலு பேரைக் கூட்டி, உண்மையான தாள்களோடு உட்காருங்கள். மணிக்கூட்டைப் பக்கத்தில் வையுங்கள். யார் எப்போது போனை எடுக்கிறார், எப்போது சிரிக்கிறார், எப்போது "சரி, காணும்" என்கிறார் என்று மட்டும் குறியுங்கள். புள்ளி விதியையும் வரிசையையும் இந்தக் கட்டத்தில் மாற்றுவதற்கு ஒரு பென்சில் போதும். சேர்வர் (எல்லாப் போன்களையும் இணைக்கும் மையக் கணினி) கட்டின பிறகு அதே மாற்றத்துக்கு இரண்டு வாரம் போகும்.

இதில் நீங்கள் தேடுவது சுற்றுகளை. எந்த நல்ல விளையாட்டிலும் சின்னச் சுற்று ஒன்று, நடுச்சுற்று ஒன்று, பெரிய சுற்று ஒன்று இருக்கும். 304இல் ஒரு பிடி, அதாவது நாலு பேரும் ஆளுக்கொரு தாள் போட்டு ஒருவர் அள்ளுவது, அரை நிமிடம். எட்டுப் பிடி சேர்ந்தது ஓர் ஆட்டம், நாலைந்து நிமிடம். ஒரு பக்கம் முழுதாய்த் தோற்கும் வரை போனால் முக்கால் மணித்தியாலமும் ஆகும். சின்னச் சுற்றில் "இப்ப என்ன இறக்குவது" என்ற பதற்றம், நடுச்சுற்றில் "இவ்வளவு எடுப்போம்" என்று கேட்ட புள்ளியை எட்டுவோமா என்ற கணக்கு, பெரிய சுற்றில் மானம்.

நாங்கள் முதலில் பெரிய சுற்றை அப்படியே போனில் வைத்தோம். மரத்தடியில் முக்கால் மணித்தியாலம் ஒன்றும் பெரிதில்லை. போனில், பஸ் வரும், அம்மா கூப்பிடுவா, சோறு ஆறும். ஆட்கள் நடுவில் விட்டுப் போனார்கள். விட்டுப் போனதற்கு வெட்கப்பட்டுத் திரும்பி வரவும் இல்லை. பிறகு ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் மரியாதையாக எழும்பக்கூடிய இடம் ஒன்று வைத்தோம்: கணக்கு சேமிக்கப்படும், மேசை காத்திருக்கும், நாளைக்கு அதே நிலையிலிருந்து தொடரலாம். எழும்புவது லேசாக இருந்தால்தான் திரும்ப வந்து உட்காருவதும் லேசாக இருக்கும். இதை எங்கள் தொழிலில் பலர் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள்.

படி 3: முதல் ஐந்து நிமிடம்

புதிதாக வருபவர் போய்விடுவது பெரும்பாலும் இங்கேதான். 304 தெரியாதவருக்கு அது வெளியே இருந்து பார்த்தால் ஒரு பூட்டுப் போட்ட வீடு. 32 தாள். ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, கிங் 3, குயீன் 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு நிறத்துக்கு (தாள் வகைக்கு) 76, நாலு நிறத்துக்கும் சேர்த்து 304. வேறு காட்ஸ் விளையாட்டுப் பழகியவருக்கு ஒன்பது ஆஸை வெல்வதே தலை சுற்றும். அதற்கு மேல் கேள்வி (எத்தனை புள்ளி எடுப்போம் என்று சொல்வது), கவிழ்த்து வைத்த துரும்பு (மற்ற நிறங்களை வெல்லும் நிறம்), முதல் நாலு தாளோடு ஒரு கேள்வி, எட்டுத் தாளோடு இன்னொரு கேள்வி.

முதல் பதிப்பில் இதையெல்லாம் ஆறு திரைகளில் எழுதி "அடுத்து" பொத்தான் வைத்தோம். என் மச்சாள் ஒருத்தியிடம் கொடுத்துப் பின்னால் நின்று பார்த்தேன். ஆறு தடவை "அடுத்து" தட்டினாள், ஒரு வரியும் வாசிக்கவில்லை, பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றே அந்த ஆறு திரைகளையும் அழித்தோம்.

மரத்தடியில் சின்னப் பெடியனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யோசித்தபோதுதான் வழி தெரிந்தது. யாரும் விதி சொல்லவில்லை. பெரியவர் ஒருவரின் பக்கத்தில் இருத்தி, "இந்தத் தாளைப் போடு" என்றார்கள். அதைத்தான் திரையிலும் செய்தோம். வந்தவுடன் கையில் மூன்றே மூன்று தாள். தாளின் மூலையில் புள்ளி எழுதியிருக்கும். போட்டுப் பார்க்கிறார், பிடிக்கிறார், 30 என்ற எண் பெரிதாக எழும்புகிறது. ஜாக்தான் ராசா என்று சொல்லத் தேவையில்லாமல் விளங்கிவிடுகிறது. இரண்டாவது ஆட்டத்தில் துரும்பு. மூன்றாவதில்தான் கேள்வி. ஒரு நேரத்தில் ஒரு புது விஷயம், அதுவும் கையால் செய்து.

எந்த விளையாட்டுக்கும் இதை அளவாக வைக்கலாம்: வந்து ஒரு நிமிடத்துக்குள் அவர் ஒரு உண்மையான முடிவு எடுத்திருக்க வேண்டும், மூன்று நிமிடத்துக்குள் ஏதோ ஒன்றை வென்றிருக்க வேண்டும். பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் அதற்குப் பிறகு கேளுங்கள். வாசலில் நிற்பவரிடம் அடையாள அட்டை கேட்டுவிட்டுத் தேத்தண்ணி கொடுப்பதில்லை.

தமிழில் செய்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சில விளையாட்டு இஞ்சின்களில் (விளையாட்டைக் கட்டும் மென்பொருள்களில்) தமிழ் எழுத்து உடைந்து வரும். "கொ" என்று எழுதினால் கொம்பு ஓர் இடத்திலும் கால் இன்னோர் இடத்திலும் கிடக்கும். கொடோட் என்ற இஞ்சின் 2023இல் வந்த நாலாம் பதிப்பிலிருந்து இதைச் சரியாகக் காட்டுகிறது, இலவசமும்கூட. எந்த இஞ்சினைத் தெரிவு செய்தாலும் முதல் நாளே "கொக்குவில் ஸ்ரீ கௌரி" என்று எழுதிப் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, பொத்தானை அகலமாக வரையுங்கள். எங்கள் ஆட்டக்காரரில் பாதிப்பேர் கண்ணாடி போட்டவர்கள், அதனால் எழுத்தையும் பெரிதாக வைத்தோம். தாள்களின் பெயரைக்கூட யோசித்துத்தான் வைத்தோம். ஸ்கோப்பன், களாவரை என்று ஊரில் சொல்வது டச்சுக்காரர் விட்டுப்போன சொல். அதையே திரையில் கண்டபோது வயதானவர்கள் சிரித்த சிரிப்பு, எந்தப் பரிசுப் பெட்டிக்கும் வரவில்லை.

படி 4: சரியான எதிராளி

மிக லேசென்றால் அலுக்கும், மிகக் கடினமென்றால் வெறுக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போது மனிதன் நேரம் போவதை மறக்கிறான் என்று உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி விரிவாக எழுதியிருக்கிறார். தனியாள் விளையாட்டில் அந்த நடுவை நீங்கள் கட்ட வேண்டும். பலர் விளையாடும் விளையாட்டில் எதிரே யாரை இருத்துகிறீர்கள் என்பதுதான் அந்த நடு.

தொடக்கத்துக்கு, ஆட்டக்காரரின் திறமையை எண்ணாக அளக்க சதுரங்கக்காரர் பாவிக்கும் ஈலோ முறை போதும். அர்பாட் ஈலோ வகுத்தது, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. எல்லோருக்கும் 1500இல் தொடங்குங்கள். 1600இல் இருப்பவரும் 1400இல் இருப்பவரும் மோதினால், 200 புள்ளி வித்தியாசத்துக்கு மேலிருப்பவர் வெல்ல ஏறக்குறைய 76 வீதம் வாய்ப்பு என்று கணக்குச் சொல்லும். ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 32 புள்ளி மாறலாம் என்று வைத்தால், அவர் எதிர்பார்த்தபடி வென்றால் கிடைப்பது 8 புள்ளிதான். கீழிருப்பவர் வென்றால் அவருக்கு 24. பெரியவரைச் சாய்த்த சின்னவருக்கு அந்த 24 எவ்வளவு இனிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

304இல் சோடி இருப்பதால் இருவரின் சராசரியை எடுத்தோம். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால், மைக்ரோசொஃப்ட் ஆய்வுக்கூடம் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகச் செய்த ட்ரூஸ்கில் என்ற முறை குழு ஆட்டங்களையும் கணக்கில் எடுக்கிறது. ஆனால் உங்களிடம் இருபது பேர் மட்டும் இருக்கும்போது எந்தக் கணக்கும் உதவாது. அந்த நேரத்தில் சரியான எதிராளியைத் தேடி ஐந்து நிமிடம் காக்க வைப்பதைவிட, யாரோடும் இருபது செக்கனில் சேர்த்துவிடுவது மேல். ஆள் குறைந்தால் கணினியை ஒரு கையாக இருத்தலாம். அதைக் கணினி என்றே எழுதுங்கள். மனிதப் பெயர் வைத்து ஏமாற்றுவது ஒருநாள் பிடிபடும், பிறகு உண்மையான ஆட்களையும் நம்பமாட்டார்கள்.

படி 5: அறுந்த இணைப்பு

நண்பர் ஒருவர் யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போகும்போது விளையாடினார். கையில் இரண்டு ஜாக், 200க்கு மேல் கேட்டிருந்தார். ஆனையிறவுப் பக்கம் சிக்னல் விழுந்தது. எங்கள் சேர்வர் பத்து செக்கன் பார்த்துவிட்டு "தோல்வி" என்று எழுதி மேசையைக் கலைத்துவிட்டது. அவர் மட்டுமில்லை, மற்ற மூன்று பேரும் அன்று கோபத்தோடு மூடினார்கள். பிழை முழுக்க எங்களுடையது.

இப்போது செய்வது இது. இணைப்பு அறுந்தால் 60 செக்கன் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மணிக்கூடு ஓடும், "லைன் போட்டுது, பொறுங்கோ" என்று ஒரு வரி வரும். அதற்குள் வராவிட்டால் கணினி அவருடைய கையைப் பிடித்து ஆடும். அவர் எப்போது வந்தாலும் கதிரை அவருடையது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் செய்கிற விளையாட்டுக்கு, அறுவதும் சேர்வதும் விதிவிலக்கு இல்லை. அதை முதல் வாரத்திலேயே கட்டுங்கள். போனை எடுத்து, ஆட்டத்தின் நடுவில் விமான முறையைப் போட்டு எடுத்துப் பாருங்கள். இருபது தடவை செய்யுங்கள்.

நேர்மையும் இங்கேதான் கட்டப்படும். எந்தத் தாள் யாரிடம் என்று சேர்வருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். நாலு பேரின் தாளையும் நாலு போனுக்கும் அனுப்பிவிட்டுத் திரையில் மறைத்தால், ஒருவன் ஒருநாள் திறந்து பார்ப்பான். தாள் கலைப்பதற்கு ஃபிஷர்-யேட்ஸ் முறை: கடைசித் தாளிலிருந்து தொடங்கி, மீதி இருப்பவற்றில் ஒன்றை எழுந்தமானமாகத் தெரிவு செய்து இடம் மாற்றிக்கொண்டே வருவது. எழுந்தமான எண்ணை 32 பிட் விதையிலிருந்து (கணினி கணக்கைத் தொடங்கும் முதல் எண்ணிலிருந்து) எடுத்தால் 429 கோடிச் சொச்சக் கலைப்புகள்தான் சாத்தியம். 32 தாளை உண்மையில் அடுக்கக்கூடிய வழிகளோ 36 இலக்க எண். அதனால் இயங்குதளம் தருகிற மறைகுறித் தரத்து (யாரும் முன்கூட்டி ஊகிக்க முடியாத) எழுந்தமான எண்ணையே பாவியுங்கள். "கலைப்பு கள்ளம்" என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் அடக்குவது கஷ்டம்.

படி 6: நாளைக்கென்று ஒன்றை விட்டு வைத்தல்

வேர்டில் என்ற சொற்புதிரை ஜோஷ் வார்டில் 2021 ஒக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். நவம்பர் முதலாம் திகதி விளையாடியவர் 90 பேர். இரண்டு மாதம் கழித்து 3 இலட்சம். காசு இல்லை, பரிசு இல்லை, அறிவிப்பு இல்லை. நாளுக்கு ஒரு புதிர், உலகம் முழுக்க ஒரே புதிர், முடித்தால் விடையைக் காட்டாமல் நிறக் கட்டங்களை மட்டும் நண்பருக்கு அனுப்பலாம். முடிந்ததும் நாளைக்குத்தான் அடுத்தது. பசியோடு எழும்புவதுபோல.

அதைப் பார்த்து நாங்களும் "இன்றைய கை" என்று ஒன்று வைத்தோம். எல்லோருக்கும் ஒரே எட்டுத் தாள். நீங்கள் என்றால் எவ்வளவு கேட்பீர்கள், எதைத் துரும்பாக வைப்பீர்கள்? தெரிவு செய்த பிறகு மற்றவர்கள் என்ன கேட்டார்கள் என்று காட்டும். இரண்டு நிமிட வேலை. ஆனால் அதைப் பற்றிக் குடும்ப வட்சப் குழுக்களில் நடக்கும் சண்டை நாள் முழுக்க ஓடும். "இந்தக் கையை வச்சுக்கொண்டு 160தான் கேட்டியோ?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவாவது அடுத்தநாள் வருகிறார்கள்.

தொடர் வருகைக் கணக்கு வைக்கலாம், ஆனால் கவனம். ஏழு நாள் தொடர்ந்து வந்து எட்டாம் நாள் வராவிட்டால் எல்லாம் பூச்சியம் என்று முதலில் வைத்திருந்தோம். செத்த வீட்டுக்குப் போன ஒருவருக்கு 40 நாள் கணக்கு அழிந்தது. அவர் திரும்ப வரவே இல்லை. தண்டனைக்குப் பயந்து வருபவர், அந்தப் பயம் ஒருமுறை உடைந்தால் விடுதலையாகிப் போய்விடுவார். இப்போது கணக்கு குறையாது, நின்று காத்திருக்கும், அவ்வளவுதான்.

2004இல் வந்த வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டைச் செய்தவர்களும் இதே பாடத்தைப் படித்தார்கள். சோதனைக் காலத்தில், நீண்ட நேரம் விளையாடினால் அனுபவப் புள்ளி குறையும் என்று வைத்தார்கள். ஆட்டக்காரர் கொதித்தார்கள். அதைத் திருப்பிப் போட்டு, ஓய்வெடுத்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரத்துக்கு இரட்டிப்பு என்று ஆக்கினார்கள். ஓய்வுக்குப் போவது இழப்பாக இல்லாமல் சேமிப்பாக மாறியது.

பரிசுகளைப் பற்றி என் நிலைப்பாடு கண்டிப்பானது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுதான் ஆளை மிகக் கூடக் கட்டிப்போடும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைகள் காட்டின. சூதாட்ட இயந்திரமும் அதில்தான் ஓடுகிறது. காட்ஸ் விளையாட்டில் அந்த எதிர்பாராமை தாள் பிரிக்கும்போதே இருக்கிறது. அதற்கு மேல் காசு கொடுத்துத் திறக்கும் மர்மப் பெட்டி தேவையில்லை. பெல்ஜியம் 2018இலேயே அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. அதோடு, காட்ஸ் என்றாலே காசுக்கு விளையாடுவது என்று நினைக்கும் பெற்றோர் எங்கள் ஊரில் நிறைய. அவர்களுடைய பிள்ளை கையில் என் விளையாட்டு இருக்கும்போது நான் நிமிர்ந்து நிற்க வேண்டும். வருமானத்துக்குத் தாளின் பின்பக்கப் படங்களை விற்கிறோம்: பனை, வல்வெட்டித்துறைப் பட்டம், நல்லூர்க் கோபுரம். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஆட்டத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

படி 7: வேலியால் கூப்பிடுவது

எங்கள் விளையாட்டை மாற்றியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் பதிப்பு தினமும் இரவு ஏழு மணிக்கு எல்லோருக்கும் "உங்கள் இலவசக் காசு காத்திருக்கிறது!" என்று அறிவிப்பு அனுப்பியது. பலர் அறிவிப்பை நிறுத்தினார்கள், சிலர் விளையாட்டையே அழித்தார்கள். அது கடைக்காரன் ஒலிபெருக்கி. வேலியால் கேட்ட குரல் அப்படியானதில்லை. அது மூன்று உண்மையான ஆட்களிடமிருந்து, ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, உண்மையிலேயே ஒரு கதிரை காலியாக இருக்கும்போது மட்டும் வந்தது.

அதனால் இப்படி விதி எழுதினோம். மூன்று பேர் ஒரு மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள், நாலாவது இல்லை. அந்த மூவரில் ஒருவர் "கூப்பிடு" பொத்தானைத் தட்டினால் மட்டும், அவர் முன்பு சேர்ந்து விளையாடிய ஒருவருக்கு அறிவிப்புப் போகும். அதில் கூப்பிடுபவரின் பெயரும் "ஒரு கை குறையுது" என்ற வரியும் மட்டும். ஒருவருக்கு நாளுக்கு இரண்டுக்கு மேல் போகாது. இரண்டு தடவை வராவிட்டால் ஒரு வாரம் மௌனம். அவருடைய ஊர் நேரப்படி இரவு பத்துக்குப் பிறகு எதுவும் போகாது. வர முடியாவிட்டால் "இண்டைக்கு ஏலாது, நாளைக்கு" என்று ஒரு தட்டில் பதில் சொல்லலாம். அந்தப் பதிலே பல நேரம் அடுத்தநாள் மேசையைப் போட்டுவிடுகிறது.

ஊர் நேரம் என்றேன். எங்கள் ஆட்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள், ஆகவே மணிக்கூட்டை முன்னால் வைத்து யோசிக்க வேண்டும். கோடை காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஞாயிறு இரவு 8 மணி என்றால் லண்டனில் பின்னேரம் 3.30, பாரிஸிலும் சூரிச்சிலும் 4.30, ரொறன்ரோவில் காலை 10.30. ஐந்து ஊருக்கும் வசதியான ஒரே பொழுது அதுதான். சிட்னிக்கு நள்ளிரவு தாண்டிவிடும், அவர்களுக்கு ஞாயிறு காலை இன்னொரு மேசை. குளிர்காலத்தில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஒரு மணித்தியாலம் பின்னால் போகும். நேரத்தை எப்போதும் பார்ப்பவரின் ஊர் நேரத்திலேயே காட்டுங்கள். கணக்குப் போட்டுப் பிழைத்து ஒரு மணித்தியாலம் காத்திருந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

பேச்சுக்கு, அந்நியர் மேசையில் எழுதி வைத்த சொற்கள் மட்டும்: "நல்ல இறக்கம்", "பொறுங்கோ", "இன்னொரு ஆட்டம்?" இதனால் கெட்ட வார்த்தைப் பிரச்சினை பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. தெரிந்தவர் மேசையில் குரலையும் திறந்துவிட்டோம். சோடி இருவர் தனியே தொலைபேசி எடுத்துத் தாளைச் சொல்லிக்கொள்வார்களே என்று கேட்பீர்கள். சொல்வார்கள்தான். மரத்தடியிலும் கண்ணைக் காட்டினார்கள். அதனால் தரவரிசை ஆட்டங்களில் சோடியைச் சேர்வரே தெரிவு செய்கிறது, குடும்ப மேசைகள் தரவரிசையில் சேராது.

நாட்காட்டியையும் பாருங்கள். தைப்பொங்கலுக்கு வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், மேசைகள் நிறையும். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் பின்னேரங்களில் யாழ்ப்பாணத்து ஆட்கள் கோயில் வீதியில் நிற்பார்கள், புலம்பெயர்ந்தவர்களில் பலர் ஊருக்கு வந்திருப்பார்கள். அந்த நாட்களில் போட்டி வைக்காதீர்கள். சென்ற் ஜோன்ஸுக்கும் யாழ் மத்திய கல்லூரிக்கும் நடக்கும் வடக்கின் பெரும் போர் கிரிக்கெட் வாரத்தில் இரு கல்லூரிப் பழைய மாணவருக்கும் தனி மேசைகள் போட்டுப் பார்த்தோம். எந்தப் பரிசும் அறிவிக்கவில்லை. கல்லூரியின் பேர் போதுமாக இருந்தது.

படி 8: எண்ணுவது

எண்ண வேண்டியவை கொஞ்சம்தான். திங்கட்கிழமை புதிதாக வந்தவர்கள் 40 பேர் என்று வையுங்கள். அவர்களில் செவ்வாய் வந்தவர்கள் 14 என்றால் முதல் நாள் திரும்பல் 35 வீதம். அதே 40 பேரில் அடுத்த திங்கள் யார் வந்தார், முப்பதாம் நாள் யார் வந்தார் என்று அதே கூட்டத்தையே தொடருங்கள். மொத்த ஆட்களின் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஓட்டை வாளியிலும் குழாய் திறந்திருக்கும் வரை தண்ணீர் நிற்கும்.

முதல் நாள் எண் குறைவென்றால் படி 3ஐப் பாருங்கள். ஏழாம் நாள் விழுந்தால் படி 2இன் சுற்றுகளையும் படி 4இன் எதிராளியையும் பாருங்கள். முப்பதாம் நாள் விழுந்தால் பெரும்பாலும் ஆட்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கவில்லை. 40 பேரில் இரண்டு மூன்று பேர் கூடிக் குறைவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த அளவில் எண்ணைவிட ஐந்து பேருக்குத் தொலைபேசி எடுத்துக் கதைப்பது மேல். விட்டுப்போனவர்களிடம் கேளுங்கள், கோபமாகச் சொல்பவரை வெட்டாமல் கேளுங்கள்.

ஒருவர் நாளுக்கு எத்தனை மணித்தியாலம் இருந்தார் என்பதை நாங்கள் உயர்த்தப் பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் விளையாட்டுக் கோளாறும் இருக்கிறது. ஆறு ஆட்டம் தொடர்ந்தால் எங்கள் திரை "தேத்தண்ணி குடிச்சிட்டு வாருங்கோ" என்று ஒரு இடைவேளை தரும். அதை எடுப்பதும் விடுவதும் அவர் விருப்பம்.

படி 9: திறந்துவிடும் நாள்

ஒரே நாளில் ஆயிரம் பேரை அழைக்காதீர்கள். வெறும் மேசைகளைப் பார்த்துவிட்டுப் போனவர் இரண்டாம் முறை வருவது அரிது. ஒரு ஞாயிறு, ஒரு மணித்தியாலம், இருபது முப்பது பேர். எல்லோரையும் அந்த ஒரு மணிக்குள் கூட்டுங்கள். நீங்களும் உட்காருங்கள், எங்கே கை குறைகிறதோ அங்கே போய் நாலாவது கையாக இருங்கள். நான் முதல் இரண்டு மாதமும் அப்படித்தான் செய்தேன்.

அப்படி இருந்த ஒரு ஞாயிறு, காரைநகரில் ஒருவர், ரொறன்ரோவில் அவருடைய தம்பி, லண்டனில் இன்னொரு உறவினர், நான். ஆட்டம் முடிந்தது. தம்பி கேட்டார், "அண்ணை, நாளைக்கு?" "நாளைக்கு ஏலாதடா, வயல் வேலை. வாற ஞாயிறு இதே நேரம்." இருவரும் போனை வைத்துவிட்டார்கள். அதை எங்கேயும் குறித்து வைக்க எங்கள் விளையாட்டில் இடம் இருக்கவில்லை. அன்றிரவே முடிவுத் திரையில், காசும் பரிசும் இருந்த இடத்தில், ஒரு பொத்தான் வைத்தோம்: "இதே நாலு பேர், எப்போது?" தட்டினால் நாளும் நேரமும் கேட்கும், நாலு பேருக்கும் அவரவர் ஊர் நேரத்தில் காட்டும், அந்த மேசையை அவர்களுக்கென்று ஒதுக்கி வைக்கும். உங்கள் விளையாட்டிலும் முடிவுத் திரையை முதலில் வரையுங்கள்.